துய்த்தலும் உடைமையும்: ரீங்காரச்சிட்டு எழுப்பும் ஒரு பழைய கேள்வி

படைக்கப்பட்ட ஒரு பொருளை அதன் பொருட்டே மனிதன் துய்க்கலாமா, அல்லது அதைக் கடந்த ஒன்றைச் சென்றடைவதற்கான வழியாக மட்டுமே அதைக் கொள்ள வேண்டுமா என்னும் கேள்வி, கிறித்தவச் சிந்தனையில் மிகப் பழையது. வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரில் ஆயராக இருந்த ஆகஸ்டீன், 397ஆம் ஆண்டளவில் எழுதத் தொடங்கி ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து நிறைவுசெய்த கிறித்தவப் போதனை பற்றிய நூலில், இக்கேள்விக்கு ஒரு கறாரான பிரிவினையை விடையாக வைத்தார். ஒன்றை அதன் பொருட்டே அன்பால் பற்றிக்கொள்வது துய்த்தல். கைக்கு வந்ததை, விரும்பும் வேறொன்றை அடைவதற்குக் கருவியாக்கிக்கொள்வது பயன்கொள்ளல். இறைவன் ஒருவரே துய்த்தற்குரியவர் என்பதும், உலகப் பொருள்கள் அனைத்தும் பயன்கொள்வதற்கே உரியவை என்பதும், சொந்த நாட்டுக்குத் திரும்பும் பயணி வழியின் இனிமையில் மயங்கி ஊர் போய்ச் சேர்வதை மறந்துவிடக் கூடாது என்பதும் அவர் முடிவு. துறவு மணம் கமழும் இந்த முடிவைப் பிற்காலத்தார் பலர் தளர்த்தியும் மறுத்தும் வந்துள்ளனர். ஆயினும் பிரிவினை மட்டும் இன்றுவரை செல்லுபடியாகிறது. ஏனெனில் ஒருவர் ஓர் அழகிய பொருளின் முன் நிற்கும்போது அவர் அதைத் துய்க்கிறாரா, பயன்கொள்கிறாரா, அல்லது இவ்விரண்டின் பெயரில் அதைக் கைப்பற்றப் பார்க்கிறாரா என்பதை அவராலேயே எளிதில் சொல்ல முடிவதில்லை.

இக்கேள்வியைப் பெரிய கோயில்களிலும் கலைக்கூடங்களிலும் வைத்து ஆராய்ந்தவர்கள் உண்டு. அதைவிடச் சிறிய இடம் ஒன்றில், அமெரிக்கக் கண்டங்களின் வீட்டுத் தோட்டங்களில், ஹம்மிங்பேர்ட் எனப்படும் ரீங்காரச்சிட்டைப் பார்த்து மகிழும் வழக்கத்தில் வைத்து ஆராய்ந்தால், விவாதத்தின் ஒவ்வொரு கண்ணியும் தெளிவாகப் புலப்படுகிறது. இப்பறவைக் குடும்பம் அமெரிக்கக் கண்டங்களுக்கு மட்டுமே உரியது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் செம்பருத்தியைச் சுற்றி வரும் தேன்சிட்டுக்கும் இதற்கும் உறவில்லை, ஒரே வகைப் பிழைப்பு இரண்டையும் ஓரளவு ஒத்த வடிவுக்குக் கொண்டுவந்திருக்கிறது, அவ்வளவே. அலாஸ்கா முதல் தென்னமெரிக்காவின் தென்கோடி வரை முந்நூற்று ஐம்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன; அவற்றுள் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் கூடு கட்டுவது மாணிக்கத்தொண்டை ரீங்காரச்சிட்டு ஒன்றே. அதன் எடை ஏறத்தாழ 3 கிராம், அதாவது ஒரு ரூபாய் நாணயத்தின் எடை. இலையுதிர்காலத்தில் இப்பறவைகள் தம் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொண்டு மெக்சிகோவையும் மத்திய அமெரிக்காவையும் நோக்கிப் புறப்படுகின்றன. அவற்றுள் பல, மெக்சிகோ வளைகுடாவின் குறுக்கே சுமார் 800 கிலோமீட்டரை இடையில் எங்கும் இறங்காமல் கடக்கின்றன.

வசந்தத்தில் அவை திரும்பும்போது, பென்சில்வேனியாவிலோ ஒஹாயோவிலோ வீட்டுத் திண்ணைகளில் சர்க்கரைத் தண்ணீர்க் குடுவைகள் காத்திருக்கின்றன. தலைகீழாகக் கவிழ்த்த கண்ணாடிப் புட்டி, அதன் அடியில் சிவப்பு நிறப் பிளாஸ்டிக் தட்டு, தட்டில் பூ வடிவில் வார்த்த நான்கைந்து துளைகள்: கருவி அவ்வளவுதான். பறவை முதலில் ஒலியாக வருகிறது. நொடிக்கு ஐம்பது முறையளவில் அடிக்கும் சிறகின் இரைச்சல் கேட்ட பின்னரே கண் அதைத் தேடிப் பிடிக்கிறது. துளைக்கு முன்னால் அந்தரத்தில் நின்று, அலகை நுழைத்து, சற்றுப் பின்வாங்கி, மீண்டும் நுழைக்கிறது. அலகுக்குள்ளிருந்து நீளும் நாக்கு நுனியில் இரண்டாகப் பிளந்தது. அலகு நுனியில் நசுங்கித் தட்டையாகும் அதன் குழல்கள் தேனைத் தொட்டதும் விரிந்து, விரியும் வேகத்திலேயே நீர்மத்தை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. மெல்லிய குழாயில் நீர் தானாக ஏறுவது போலத்தான் தேன் ஏறுகிறது என்று ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக நம்பப்பட்டு வந்ததை 2011லும் 2015லும் வெளியான அதிவேகப் படப்பிடிப்பு ஆய்வுகள் மாற்றின. ஆண்பறவையின் தொண்டையோ பெரும்பாலான கோணங்களில் கரியைப் போலக் கறுத்தே தெரிகிறது. தலை ஒரு நூலளவு திரும்பியதும் அதே இடம் தணலாகிறது, மறுகணம் அணைகிறது. அந்தச் செம்மை சாயத்தால் ஆனதன்று. இறகின் நுண்ணிழைகளுக்குள் காற்றுக் குமிழ்கள் நிறைந்த மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக அமைந்து, ஒளியைக் குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் செந்நிறமாகத் திருப்பி அனுப்புகின்றன. எனவே அந்நிறம் பறவையிடம் மட்டும் இருப்பதாகவும் சொல்ல முடியாது. பறவை, கதிரவன், பார்ப்பவர் ஆகிய மூவரும் ஒரு கோட்டமைப்பில் நிற்கும்போது மட்டுமே அது உண்டாகிறது.

அழகு குறித்த நவீன ஐரோப்பிய விவாதத்துக்கு அடித்தளமிட்ட இமானுவேல் கான்ட், 1790இல் வெளியிட்ட தீர்ப்புத்திறன் பற்றிய ஆய்வில், இப்பறவையைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார் என்பது பலர் கவனத்தில் படாத செய்தி. ஒரு பொருள் எதற்காக இருக்கிறது, எப்படி இருக்க வேண்டும் என்னும் கருத்து எதையும் சாராமல் தன்னளவிலேயே இன்பம் தரும் அழகை அவர் சார்பற்ற, கட்டற்ற அழகு என்று பிரித்தார். பூக்கள், கடற்சிப்பிகள் ஆகியவற்றோடு கிளி, ரீங்காரச்சிட்டு, சொர்க்கப் பறவை ஆகியவற்றையும் அதற்கு எடுத்துக்காட்டாக வைத்தார். இத்தகைய அழகைக் காண்பவரிடம் எழும் இன்பம் பற்றற்ற இன்பம் என்பது அவர் கொள்கையின் மையம். பற்றற்ற இன்பம் என்றால் சலிப்போடு பார்ப்பது என்று பொருளில்லை. அப்பொருள் தனக்குக் கிடைக்க வேண்டும், தன் பசியைத் தணிக்க வேண்டும், தனக்கு உதவ வேண்டும் என்னும் விருப்பம் எதுவும் கலவாத மகிழ்ச்சி என்றே பொருள். பால்டிக் கடலோரக் கோனிக்ஸ்பெர்க்கில் பிறந்து அந்த வட்டாரத்தை விட்டு வெளியேறாமலே வாழ்ந்து மறைந்த கான்ட், இந்தப் பறவையைப் புத்தகங்களின் வழியாகவோ பாடம்செய்த உடல்களின் வழியாகவோதான் அறிந்திருக்க முடியும். பசியோடு பறந்து, சண்டையிட்டு, குளிரில் விறைத்துப் போகும் ஓர் உயிரைப் பற்றற்ற அழகின் சான்றாக்குவது, அதைத் தன் சன்னலுக்கு வெளியே என்றும் கண்டிராத ஒருவருக்குச் சற்று எளிதாகவே இருந்திருக்கும்.

அதே நூலின் பிற்பகுதியில் கான்ட் தம் கொள்கைக்குத் தாமே ஒரு சிக்கலை உண்டாக்குகிறார். காட்டுப்பூ ஒன்றையோ பறவையையோ தனிமையில் வியந்து பார்க்கும் ஒருவர், தமக்கு அதனால் ஆதாயம் இல்லை, ஒருவேளை கேடே விளையும் என்றாலும்கூட, அது இயற்கையில் இல்லாமற் போவதை விரும்பமாட்டார். அப்படி விரும்பாதிருப்பதே நல்ல உள்ளத்தின் அடையாளம் என்று அவர் எழுதுகிறார். இதை நிறுவ அவர் காட்டும் சோதனை சுவையானது. இயற்கையை நேசிக்கும் அம்மனிதரை ஏமாற்ற யாரோ ஒருவர் மண்ணில் செயற்கைப் பூக்களை நட்டுவைத்து, கிளைகளில் செதுக்கிய பறவைகளை அமர்த்திவிட்டதாகக் கொண்டால், உண்மை தெரிந்த கணமே அவருடைய ஈடுபாடு மறைந்துவிடும். ஆக, வடிவம் மட்டும் போதாது. அந்த அழகு உண்மையில் இயற்கையினுடையதாக இருக்க வேண்டும்.

வீட்டுத் தோட்டத்தின் சர்க்கரைத் தண்ணீர்க் குடுவையை இச்சோதனைக்கு உட்படுத்தினால் விசித்திரமான விளைவு கிடைக்கிறது. பறவை உண்மையானது, பூ பொய்யானது. ஏமாற்றப்படுவது மனிதன் அல்லன், பறவை. அந்த ஏமாற்றமும் முழுமையானதன்று, ஏனெனில் பிளாஸ்டிக் பூவில் இருக்கும் இனிப்பு மெய்யான இனிப்பே. கான்ட் காட்டிய மனிதர் செயற்கைப் பூவைக் கண்டதும் விலகிப் போவார். தோட்டக்காரரோ அந்தச் செயற்கைப் பூவைத் தம் கையாலேயே தொங்கவிட்டவர். கடையில் சர்க்கரை வாங்கி, கரைத்து, அந்த விலைக்கு அழகைத் தம் சன்னலுக்கு வரவழைத்தவரின் இன்பத்தைப் பற்றற்ற இன்பம் என்று கூசாமல் சொல்ல முடியாது. இங்கே இரண்டு எளிய முடிவுகள் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன: ஒன்று, இந்த மகிழ்ச்சியே போலி என்று ஒதுக்குவது, மற்றது, பறவைக்கும் நன்மை, மனிதனுக்கும் நன்மை என்று கணக்கை முடித்துவிடுவது. இரண்டும் அவசர முடிவுகள்.

அழகைத் துய்ப்பது என்பது அழகை உடைமையாக்குவது என்று எண்ணிய காலம் ஒன்று இருந்தது. அதன் வரலாறு இதை விளங்கிக்கொள்ள உதவும். லண்டனில் 1851ஆம் ஆண்டு மாபெரும் பொருட்காட்சி நடந்தபோது, ரீஜண்ட்ஸ் பார்க் விலங்கியல் தோட்டத்தில் பறவையியல் அறிஞர் ஜான் கூல்ட் தாம் திரட்டிய ரீங்காரச்சிட்டுகளைப் பாடம்செய்து கண்ணாடிப் பெட்டிகளில் காட்சிக்கு வைத்தார். விக்டோரியா அரசி உட்பட 75,000க்கும் மேற்பட்டோர் வந்து பார்த்தனர். இப்பறவைக் குடும்பம் பற்றி 1849 முதல் 1861 வரை அவர் வெளியிட்ட பெருநூலில் இறகின் மின்னலைத் தாளில் கொண்டுவரப் பொற்றகடு ஒட்டி அதன்மேல் வண்ணம் பூசினார்கள். இவ்வளவும் செய்த கூல்ட் உயிருள்ள ரீங்காரச்சிட்டு ஒன்றை முதன்முதலாகக் கண்டது 1857இல், பிலடெல்பியாவின் பார்ட்ரம் தோட்டத்தில். அவற்றை உயிருடன் லண்டனுக்குக் கொண்டுசெல்ல அவர் எடுத்த முயற்சி பலிக்கவில்லை. கூல்டின் காட்சி அறிவுப் பணியாகவேனும் இருந்தது. அதே நூற்றாண்டின் பிற்பாதியில் இப்பறவைகளின் தோல்கள் லண்டன் ஏலங்களில் ஆயிரக்கணக்கில் விலைபோயின; முழுப் பறவைகள் தொப்பிகளிலும், தலைகள் மட்டும் காதணிகளிலும் கழுத்தணிகளிலும் பதிக்கப்பட்டன. பறவை இறந்த பின்னும் மங்காத நிறமே இந்த வணிகத்துக்கு வாய்ப்பாக அமைந்தது. சாயம் வெளுக்கும், கட்டமைப்பு வெளுக்காது. இன்று அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் உடன்படிக்கைச் சட்டப்படி, இப்பறவையைப் பிடிப்பது மட்டுமன்று, தோட்டத்தில் உதிர்ந்து கிடக்கும் அதன் இறகொன்றை எடுத்து உரிமமின்றி வைத்துக்கொள்வதும் குற்றம். துய்க்கலாம், உடைமையாக்கக் கூடாது என்னும் நெறியை இவ்வளவு நேரடியாகச் சட்டமாக்கிய நேர்வுகள் அரிது.

தொப்பிகள் விற்பனையான அதே ஆண்டுகளில் இப்பறவையின் அழகு யாருக்காக என்பது இறையியல் வழக்காகவும் ஆனது. ஸ்காட்லாந்தின் ஆர்கைல் கோமகன், 1867இல் வெளியிட்ட 'விதியின் ஆட்சி' என்னும் நூலில், ரீங்காரச்சிட்டுகளை இறைவனுக்கான சான்றாக நிறுத்தினார். ஓர் இனத்துக்குப் புஷ்பராக நிறமும் மற்றோர் இனத்துக்கு நீலமணி நிறமும் இருப்பதால் பிழைப்புப் போராட்டத்தில் எந்த வேறுபாடும் விளையாது. எனவே அழகும் பல்வகைமையும் தம்மளவிலேயே படைப்பாளரின் நோக்கங்களாக இருந்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம். இப்பறவைகளை அமேசான் பகுதியில் நேரில் கண்டு திரும்பியிருந்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், அதே ஆண்டிலேயே விரிவான மறுப்பு எழுதினார். டார்வினோ, உயிர்களின் அழகு மனிதனின் மகிழ்ச்சிக்காகவே படைக்கப்பட்டதெனில், மனிதன் தோன்றுவதற்கு முன் பூமியில் அழகு குறைவாக இருந்திருக்க வேண்டுமே என்று கேட்டு, ஆண்பறவையின் அணிகளைப் பெண்பறவையின் தேர்வு தலைமுறை தலைமுறையாக வளர்த்தெடுத்தது என்றார். பறவைக்கு அழகுணர்ச்சி உண்டு என்னும் இந்தக் கருத்து வாலஸுக்கே ஏற்புடையதாக இல்லை. கோமகனின் வாதம் தோற்றது எனினும், அவர் கேள்வியில் ஓர் உண்மை தங்கியிருந்தது: இந்த அழகு பார்ப்பவரை வேண்டி நிற்கிறது. அந்தப் பார்ப்பவர் மனிதர் அல்லர் என்பதுதான் அவர் காணத் தவறியது.

இது எவ்வளவு தூரம் உண்மை என்பதைக் கொலராடோவின் ராக்கி மலைப் பகுதியில் அகன்றவால் ரீங்காரச்சிட்டுகளைக் கொண்டு நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. மனிதக் கண்ணில் நிறமறியும் கூம்புசெல்கள் மூன்று வகை. இப்பறவைகளுக்கு நான்கு வகை, நான்காவது புறஊதா ஒளிப் பக்கம் நீள்கிறது. இனிப்பு நீருக்கும் வெறும் நீருக்கும் அருகில் வெவ்வேறு ஒளிவிளக்குகளை வைத்தபோது, மனிதக் கண்ணுக்கு ஒரேபோலத் தோன்றிய பச்சையையும் புறஊதா கலந்த பச்சையையும் பறவைகள் பிரித்தறிந்து இனிப்பிடம் சென்றன. தோட்டத்தில் நாற்காலி போட்டு அமர்ந்திருப்பவர் தமக்காகவே நடப்பதாக எண்ணும் காட்சியில் ஒரு நிறப்பரப்பு முழுவதும் அவருக்கு மறைந்திருக்கிறது. சிவந்த நீண்ட குழல்வடிவப் பூ, தொண்டையின் தணல், ஆண்பறவை உயரத்திலிருந்து பாய்ந்திறங்கும் காதல் வளைவு, எல்லாமே வேறொருவருக்கு எழுதிய கடிதங்கள். முகவரி தன்னுடையதல்ல என்று தெரிந்த பின்னும் மகிழ்ச்சி குறையாமல் நிற்குமா என்பதுதான் பற்றின்மைக்கு உண்மையான சோதனை. கான்ட் நட்டுவைத்த செயற்கைப் பூவைவிட இது கடினமானது.

பறவையின் மகிழ்ச்சி என்று தோட்டக்காரர் எண்ணுவதிலும் இதே மயக்கம் உண்டு. பூவிலிருந்து பூவுக்குத் தாவுவது களிப்பாகத் தெரிகிறது. உண்மையில் அது இடைவிடாத வரவுசெலவு. பறக்கும் நேரத்தில் நிமிடத்துக்கு ஆயிரத்தைத் தாண்டித் துடிக்கும் இதயத்துக்கு எரிபொருள் வேண்டும். பகலில் தன் எடையை மிஞ்சும் அளவுக்குத் தேன் குடித்தும், சிறு பூச்சிகளையும் சிலந்திகளையும் பிடித்துத் தின்றும், குளிர்ந்த இரவுகளில் போதாமல் போகிறது. அப்போது பறவை விறைப்புறக்கத்துக்குப் போகிறது. அதாவது உடல்வெப்பத்தையும் மூச்சையும் சாவின் விளிம்பு வரை இறக்கிக்கொண்டு விடியலில் மெல்ல மீள்கிறது. பெருவின் ஆண்டிஸ் மலையில் ஓர் இனத்தின் உடல்வெப்பம் ஏறத்தாழ 3.3 பாகை செல்சியஸ் வரை இறங்கியது பதிவாகியுள்ளது. பதினாறாம் நூற்றாண்டு மெக்சிகோவில் ஸ்பானியத் துறவிகள், இப்பறவை வறண்ட பருவத்தில் மரத்தில் அலகைக் குத்தித் தொங்கி இறந்து, மழை வந்ததும் உயிர்பெறும் என்று கேட்டதை எழுதிவைத்தனர். மோட்டோலினியா என்னும் பிரான்சிஸ்கன் துறவி அதை இறந்தோர் உயிர்த்தெழுதலுக்குச் சான்றாகவே கொண்டார். விறைப்புறக்கத்தில் கிடந்த பறவையை யாரோ கண்டதிலிருந்து இக்கதை பிறந்திருக்கக்கூடும்.

அத்துறவிகள் யாரிடம் கேட்டார்களோ அந்த மெக்சிகா மக்கள் இப்பறவையை மென்மையின் உருவமாகக் கருதவில்லை. அவர்களுடைய குலதெய்வமும் போர்த்தெய்வமுமான ஹுயிட்சிலோபோச்ட்லி ரீங்காரச்சிட்டின் பெயரைத் தாங்கியவன். போரில் இறந்த வீரர் நான்கு ஆண்டுகள் கதிரவனுடன் நடந்துசென்ற பின் ரீங்காரச்சிட்டுகளாகவும் பிற அழகிய பறவைகளாகவும் மாறிப் பூந்தேன் அருந்துவர் என்னும் நம்பிக்கையை, அத்துறவிகளுள் ஒருவரான சகாகுன் தொகுத்த பெருந்தொகுப்பு பதிவுசெய்கிறது. திண்ணையில் தொங்கும் குடுவையை ஆண்பறவை ஒன்று நாள் முழுவதும் காவல் காத்து, நெருங்கும் ஒவ்வொன்றையும் விரட்டி அடிப்பதைப் பார்த்தவர்கள், வாழ்த்து அட்டைகளில் வரும் பறவையைவிட மெக்சிகா மக்கள் கண்ட பறவையே மெய்யான பறவைக்கு நெருக்கமானது என்பதை ஒப்புக்கொள்வர்.

பார்ப்பதற்கும் உண்பதற்கும் உள்ள இந்த இடைவெளியை இருபதாம் நூற்றாண்டில் கூர்மையாகச் சிந்தித்தவர் சிமோன் வெயில். 1943இல் முப்பத்து நான்கு வயதில் மறைந்த இந்தப் பிரெஞ்சுச் சிந்தனையாளர், இறப்புக்குப்பின் 1950இல் வெளியான நூலில், உலகின் அழகை நேசிப்பது இறைவனைப் பெயர் அறியாமல் நேசிப்பதன் ஒரு வடிவம் என்றார். ஆகஸ்டீன் ஐயத்தோடு பார்த்த வழியின் இனிமையை அவர் வழியாகவே ஏற்றார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்: அழகு ஈர்த்துக்கொண்டே விலகி நிற்கிறது, அதை உண்ண விரும்பும் மனிதன் அதைப் பார்க்க மட்டுமே முடியும், இவ்விரண்டும் இவ்வுலகில் ஒன்றாகாதிருப்பதே மனிதனின் பெருந்துயரம், உண்ணாமல் பார்த்து நிற்கப் பழகுவதே மீட்பின் தொடக்கமாக இருக்கலாம். இங்கே அவர் நினைவுகூர்வது முண்டக உபநிடதம் சொல்லும் ஒரே மரத்து இரண்டு பறவைகளை. ஒன்று கனியை உண்கிறது, மற்றது உண்ணாமல் பார்த்திருக்கிறது. வேதாந்த உரையாளர் உண்ணும் பறவையை வினைப்பயன் நுகரும் உயிர் என்றும், பார்த்திருக்கும் பறவையை இறைவன் என்றும் கொள்வர்.

தோட்டத்துக் காட்சியை இந்த உருவகத்தின்மேல் வைத்துப் பார்க்கும் ஆசை எவருக்கும் எழும்: பறவை உண்கிறது, மனிதன் பார்க்கிறான், ஆகவே மனிதன் சாட்சியாக நிற்கும் உயர்ந்த பறவை. ஆனால் பொருத்தம் இவ்வளவு எளிதன்று. உண்ணுதல் என்று வெயில் குறிப்பிட்டது வயிற்றுப் பசியை மட்டுமன்று. அழகைத் தன்னுள் அடக்கிக்கொள்ளும் ஆசையை. என் தோட்டத்துப் பறவை என்று பேசுவதும், அண்டை வீட்டார் குடுவைக்குப் போனால் மனம் சுருங்குவதும், படம் எடுப்பதற்காகக் கூட்டின் அருகே கிளைகளை விலக்குவதும் அந்த ஆசையின் வகைகளே. தேவைக்கு உண்ணும் பறவையிடம் இந்தக் குற்றம் இல்லை. ஆகவே தோட்டத்தில் உண்ணும் பறவை எது என்பதை அலகு இருக்கிறதா என்று பார்த்துத் தீர்மானிக்க முடியாது.

கான்ட், வெயில் இருவரும் அழகின் முன் கைகட்டி நிற்கும் மனிதரைப் பற்றியே பேசினர். தோட்டக்காரரின் கை ஏற்கெனவே நுழைந்துவிட்டது. கலிபோர்னியாவிலும் அதன் தெற்கிலும் வாழ்ந்த அன்னா ரீங்காரச்சிட்டு, இருபதாம் நூற்றாண்டில் வீட்டுத் தோட்டங்களின் அயல்நாட்டுப் பூஞ்செடிகளையும் குடுவைகளையும் பற்றிக்கொண்டு வடக்கே கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா வரை பரவி, குளிர்காலத்திலும் அங்கேயே தங்குகிறது. அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்பட்ட உடல்களை ஒப்பிட்டு 2025இல் வெளியான ஆய்வு, குடுவைகள் பெருகிய காலத்தில் இவ்வினத்தின் அலகு நீண்டு கூர்மையாகியிருப்பதைக் காட்டுகிறது. பார்த்து மகிழ்ந்தவர்களின் மகிழ்ச்சி பறவையின் எலும்பில் எழுதப்பட்டுவிட்டது. இந்நிலையில் பற்றின்மை என்னும் அளவுகோல் போதாது. தான் தொட்டுவிட்ட ஒன்றுக்குத் தான் கடன்பட்டவன் என்னும் உணர்வே துய்ப்பை உடைமையாக்கலிலிருந்து பிரிக்கிறது. கான்ட் சொன்ன நல்ல உள்ளம், பறவை இல்லாமற் போவதை விரும்பாத உள்ளம், இங்கே வெறும் விருப்பமாக நின்றுவிட முடியாது.

இக்கடனை உணர்ந்து நடந்ததற்கு அரிசோனாவின் தென்கிழக்கில் பட்டகோனியா என்னும் சிற்றூரில் ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. அங்கே 1970களில் குடியேறிய பேட்டன் தம்பதியர் தம் வீட்டின் பின்புறத்தில் குடுவைகளைத் தொங்கவிட்டனர். மெக்சிகோவுக்கு வடக்கே காண்பதற்கு அரிதான ஊதாமுடி ரீங்காரச்சிட்டு வரத் தொடங்கியதும், வேலிக்கு வெளியே நின்று எட்டிப்பார்க்கும் அந்நியர் கூட்டமும் வரத் தொடங்கியது. வேலியை உயர்த்துவதற்குப் பதிலாக அவர்கள் வாயிலைத் திறந்துவிட்டனர். அமர்வதற்கு விசுப்பலகைகளும் நிழலுக்குப் பந்தலும் போட்டு, விரும்பியவர் சர்க்கரைச் செலவுக்குக் காசு போட ஒரு தகரடப்பாவையும் வேலியில் மாட்டினர். இருவர் காலத்துக்கும் பின்னர், 2014இல் டூசான் ஆடுபான் சங்கம் பிற அமைப்புகளின் உதவியோடு அவ்விடத்தை வாங்கி இன்றும் பொதுமக்களுக்குத் திறந்து வைத்துள்ளது. அந்தத் தோட்டம் பத்திரப்படி பேட்டன் தம்பதியருடையதாக இருந்தது. பறவை அவர்களுடையதன்று என்பதையும், எனவே பறவையைக் காணும் இன்பமும் தனியுரிமை ஆகாது என்பதையும் அவர்கள் நூல் எழுதி நிறுவவில்லை, தகரடப்பாவால் நிறுவினர். இறையியலாளர் பலரைவிட அவர்கள் ஆகஸ்டீனின் கேள்விக்கு நெருங்கி வந்துள்ளனர் என்றே சொல்ல வேண்டும். ஏனெனில் ஆகஸ்டீன் அஞ்சியது துய்ப்பில் தேங்கிவிடும் அன்பை. அங்கே அது தேங்கவில்லை, முன்பின் அறியாதவர் பலரிடம் சென்று சேர்ந்தது.

கடன் என்று வந்தபின் அதன் விவரங்கள் அற்பமானவையாகத் தோன்றினாலும் தவிர்க்க முடியாதவை. ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நான்கு பங்கு தண்ணீர்; தேன் கலந்தால் பூஞ்சை விரைவில் பிடிக்கும், சிவப்புச் சாயம் தேவையே இல்லை. கோடையில் இரண்டு நாளைக்கு ஒருமுறையேனும் பழைய நீரைக் கொட்டிக் குடுவையைத் தேய்த்துக் கழுவ வேண்டும், புளித்த நீர் பறவைக்கு நோயாகும். பூச்சிமருந்து தெளித்த தோட்டத்தில் குஞ்சுகளுக்கு ஊட்டப் புழுபூச்சி கிடைக்காது. இலையுதிர்காலத்தில் குடுவையை எடுக்காவிட்டால் பறவை வலசை போகாமல் தங்கிவிடும் என்னும் பரவலான அச்சத்துக்கு அடிப்படை இல்லை. பகல் குறுகும்போது அதற்குள் எழும் உந்துதலை எந்தச் சர்க்கரையும் நிறுத்துவதில்லை, யாருடைய உபசாரத்துக்கும் அது கடமைப்பட்டிருக்கவும் இல்லை. இவ்வளவு பணிவிடை தம்மால் ஆகாது என்று நினைப்பவர், வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வாழ்பவராக இருந்தால், குடுவையை இறக்கிவைத்துவிட்டு அம்மண்ணுக்கே உரிய டிரம்பெட் கொடியையோ சிவப்பு ஹனிசக்கிள் கொடியையோ வேலியோரம் நட்டுவிடுவது மேல். பூவில் தேனைப் புதுப்பிக்கும் வேலையைச் செடியே பார்த்துக்கொள்ளும். டிரம்பெட் கொடி படரும் வேகத்துக்கு வேலி மட்டும் உறுதியாக இருக்க வேண்டும்.